விழுதல்: இல்லை

நூறு, தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது. எழுபத்தொன்பதில் வந்து தேவகிருபை சிஸ்டருக்குக் கணக்கு நின்றுபோனது. தலையில் அடிபட்டு வந்தவர்களை நூற்றிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லி எத்தனை பேரைச் சோதித்திருப்பாள், முப்பத்தாறு வருஷ சர்வீஸில்! திருதிருவென்று முழித்தவர்களை, "நீரு பள்ளிக்கூடம் போனீரா, இல்ல மாடு மேய்க்கப் போனீரா?" என்று அதட்டியும் இருக்கிறாள். இப்போது எண்பது வயசில், சொந்தக் கட்டிலில் மல்லாந்து கிடந்துகொண்டு, தானே டாக்டர், தானே நர்ஸ், தானே நோயாளி. எழுபத்தொன்பதில் ஏழு போனால் எழுபத்திரண்டு. அப்பாடா, வந்துவிட்டது. ஆனால் அந்தத் தடங்கல் எதனால்? வயசினாலா, அவளுக்குக் கணக்கு என்றைக்குமே ஆகாது என்பதாலா, இல்லை வலது காதுக்குப் பின்னால் கொழுக்கட்டை அளவுக்குப் புடைத்திருக்கிற அந்த வீக்கத்தாலா? கையை மெல்லக் கொண்டுபோய்த் தொட்டுப் பார்த்தாள். வலித்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி ஏழேகால். ஆறு மணிக்குக் கால் மணி இருக்கையில் பாத்ரூம் வாசலில் விழுந்தது, ஆக ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. வாந்தி இல்லை. கண் இருட்டவில்லை. இரண்டு கையும் தூக்க வருகிறது. எட்டு மணிக்குப் பகல் டியூட்டி ஜெபராணி வந்துவிடுவாள். கொண்டையைக் கொஞ்சம் இறக்கிப் போட்டுக்கொண்டால் வீக்கம் தெரியாது.

விழுந்ததும் ஒன்றும் பெரிதாக விழவில்லை என்றுதான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ராத்திரி டியூட்டி செண்பகவல்லி, "கேட்ல பால் பாக்கெட்ட எடுத்துட்டு ஓடியாந்திருதேன், நீங்க மட்டும் எந்திரிக்கப்படாது, ஆமா" என்று விரலை ஆட்டிச் சொல்லிவிட்டுத்தான் போனாள். அவள் வாசல் தாண்டின நேரம் பார்த்து மூத்திரம் முட்டியது. முன்னெல்லாம் எட்டு மணி நேர டியூட்டியில் ஒரு தடவை போனால் உண்டு, அதுவும் ஞாபகம் வந்தால். இப்போது என்னடாவென்றால் முன்னறிவிப்பு கிடையாது, வந்தால் வந்ததுதான், ஒரு நிமிஷம் பொறு என்றால் கேட்காது. கட்டிலுக்கு அடியில் பெட்பேன் இருக்கிறது. ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் வைத்து எடுத்த கை அவளுடையது, ஒரு நாள் முகம் சுளித்தது இல்லை. தனக்கு என்று வரும்போது மட்டும் என்ன வெட்கமோ! கட்டிலிலிருந்து பாத்ரூமுக்குப் பதினோரு எட்டு, கண்ணை மூடிக்கொண்டு போவாள். ஒன்பதாவது எட்டில் காலைத் தூக்கி வைத்ததாகத்தான் நினைத்தாள். தூக்கவில்லை, தரையோடு இழுத்திருக்கிறாள். பெருவிரல் வாசலில் கிடந்த மிதியடியில் மாட்டியது. கதவு நிலை தலையில் முட்டியது. அவ்வளவுதான். பால் பாக்கெட்டோடு ஓடி வந்த வல்லி, "ஐயோ சிஸ்டரம்மா, படிச்சிப் படிச்சிச் சொன்னேனே!" என்று கத்திக்கொண்டு அக்குளில் கை கொடுத்துத் தூக்க வந்தாள். தரையில் கிடந்தவாக்கிலேயே சிஸ்டர், "தூக்காத! முதல்ல தூக்காதட்டி! கால் ரெண்டும் ஒரே நீளத்துல கிடக்கான்னு பாரு. பாத்தியா? இப்ப ஒருக்களிச்சு உருட்டு" என்று உத்தரவு போட்டாள். வல்லி அழுதுகொண்டே உருட்டினாள். அதெல்லாம் சரியாகத்தான் நடந்தது. அதற்கப்புறம் நடந்ததுதான் சிஸ்டருக்கு இப்போது நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. கட்டிலில் ஏற்றிவிட்டு நோட்டை எடுக்கப் போன வல்லியின் முன்னால் இரண்டு கையையும் தூக்கினாள். போன பங்குனியில் உடைந்து கோணலாகச் சேர்ந்த இடது மணிக்கட்டு நேராக நிற்காது, ஆகவே கை இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவுமில்லை. "வல்லி, எழுதிராதம்மா. உன்னயக் கும்பிட்டுக் கேக்குதேன்." வல்லி பதறிப்போய் அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினாள். "ச்சே, என்ன சிஸ்டரம்மா இது! சரி, எழுதல, போதுமா? மொதல்ல கைய எடுங்க" என்றாள்.

அந்த நோட்டு வந்ததே சிஸ்டரால்தான். பார்த்துக்கொள்ள ஆள் அனுப்புகிற கம்பெனிக்காரன் எதையும் எழுதச் சொல்லவில்லை. "ரிப்போர்ட் புக் இல்லாத ஆஸ்பத்திரியும் ஒரு ஆஸ்பத்திரியா?" என்று இவள்தான் பெரிய நோட்டு ஒன்று வாங்கி வரச் சொல்லி, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டாள். கை நடுக்கத்தில் கோடு ஏறி இறங்கிப் போனது, ஆனாலும் தானே போட்டாள். நாடி, பிரஷர், குடித்த தண்ணீர், போன மூத்திரம், மலம், தோல். கடைசிக் கட்டம் மட்டும் சிவப்பு மையில்: விழுதல், உண்டு அல்லது இல்லை. மணிக்கட்டு உடைந்தபோது பெங்களூரிலிருந்து ஓடி வந்த மகன் ஐசக் நோட்டைப் புரட்டிப் பார்த்து, "சூப்பர்மா, தினமும் காலையில இதை ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்க" என்றான். வாய்க்குள் சிரித்துக்கொண்டாள் பெருமையில். பிறகுதான் அவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அவள் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான். "அம்மா, இன்னொரு தடவை விழுந்தா நான் உங்க பேச்சைக் கேக்க மாட்டேன். கோயம்புத்தூர்ல ஒரு ஹோம் பார்த்து வச்சிருக்கேன். இருபத்தி நாலு மணி நேரமும் நர்ஸ் இருப்பாங்க." "நர்ஸ் இருப்பாளா? அப்ப நான் யாருல?" என்று கேட்டாள். சிரித்தான், ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. கெட்ட பிள்ளை என்று சொல்ல முடியாது. போனில் படம் காட்டினான். சுத்தமான ரூம், சுவரெல்லாம் பிடிமானக் கம்பி, கதவில் பி பன்னிரண்டு என்று நம்பர். அவளுக்கு அந்த நம்பர்தான் கண்ணில் நின்றது. இந்தப் பாளையங்கோட்டை வீட்டில் கதவுக்கு நம்பர் கிடையாது. கட்டிலுக்கு நேர் எதிரே சுவரில் ஓர் ஆணி இருக்கிறது, பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்த அவள் வீட்டுக்காரர் வாட்சைக் கழற்றி மாட்டுகிற ஆணி. அவர் போய்ப் பதினாலு வருஷம் ஆகிறது. யார் பெயின்ட் அடிக்க வந்தாலும் அந்த ஆணியைச் சுற்றித்தான் அடிக்க வேண்டும்.

அறுபத்தைந்து. எழுபத்திரண்டுக்கு அடுத்தது அறுபத்தைந்து, அதற்கடுத்தது ஐம்பத்தெட்டு. பரவாயில்லை, ஓடுகிறது. நர்சிங் படிக்கிற பிள்ளைகளுக்கு அவள் பாடம் எடுத்த காலத்தில் முதுமை என்று ஒரு பாடம் இருந்தது, புஸ்தகத்தின் கடைசியில், ஆறே பக்கம். பரீட்சையில் வராது என்று பிள்ளைகளுக்கும் தெரியும், டீச்சருக்கும் தெரியும். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வகுப்பு, பாதிப் பேர் தூங்குவார்கள். தோல் மெலியும், எலும்பு தேயும், உயரம் குறையும், நாக்குக்கு உப்பு தெரியாது, தாகம் தெரியாது, கீச்சுக்குரல் காதில் விழாது என்று அவளும் ஒப்பித்துவிட்டு மணி பார்ப்பாள். ஒரே ஒரு மணி நேரத்தில் நடத்தி முடித்த பாடத்தைக் கர்த்தர் இப்போது பதினைந்து வருஷமாக வரி வரியாக நடத்திக்கொண்டிருக்கிறார். புறங்கையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். வெங்காயத் தொலி. உள்ளே நரம்பு நீலமாக ஓடுகிறது, வல்லி பிடித்துத் தூக்கின இடத்தில் அதற்குள் ஊதா பூத்துவிட்டது. ரத்தம் உறையாமல் இருக்க இதயத்துக்குச் சாப்பிடுகிற மாத்திரையின் வேலை அது. தொட்டால் போதும், கன்றிப்போகும். வெளியே இப்படி என்றால், உள்ளே? காதுக்குப் பின்னால், அந்த எலும்புக்கு உள்பக்கம்? வேண்டாம், அங்கே போகாதே என்று மனசை இழுத்துப் பிடித்தாள். அது கேட்டால்தானே!

வேறு எங்கே போகலாம்? வார்டுக்குப் போகலாம். எப்போது கண்ணை மூடினாலும் போய் நிற்கிற இடம் அதுதான். முப்பத்திரண்டு பெட், நீண்ட ஹால், உயரமான ஜன்னல்கள், ஃபியூஸ் பெட்டிக்கு மேலே குருவிக் கூடு. காலை ஐந்தரைக்கு ஸ்டவ்வைப் பம்ப் அடிப்பார்கள், கண்ணாடி சிரிஞ்சுகள் கொதிக்கிற தண்ணீரில் கடகடவென்று ஆடுகிற சத்தம் வரும். பினாயில் வாடையும் ரொட்டி வாடையும் ஒன்றாக வரும். கஞ்சி போட்டு மொடமொடவென்று நிற்கிற தொப்பியை ஹேர்பின் குத்தித் தலையில் வைத்தால் அவள் உயரம் நாலு விரல்கடை ஏறிவிடும். மணி எட்டு. ராத்திரி டியூட்டிப் பிள்ளைகளும் பகல் டியூட்டிப் பிள்ளைகளும் கட்டிலுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நிற்க, நடுவில் தேவகிருபை சிஸ்டர் ரிப்போர்ட் புக்கோடு முதல் பெட்டிலிருந்து நகர்ந்து வருவாள். ஒன்றாம் பெட், காய்ச்சல் இறங்கியிருக்கு சிஸ்டர். இரண்டாம் பெட், ராத்திரி ரெண்டு தடவ வாந்தி சிஸ்டர். கிழக்கு ஜன்னல் வெயில் ஒவ்வொரு கட்டிலாக அவர்களோடு கூடவே வரும். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவள் பிறந்தாள் என்று தோன்றும். பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவாள், படுக்கை விரிப்பின் மடிப்பைப் பார்த்தே. "பேருல மட்டுந்தாண்டி கிருபை" என்று பிள்ளைகள் டிரெஸ்ஸிங் ரூமில் பேசிக்கொள்வது அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். தெரிந்து ரசிக்கவும் செய்தாள். அந்த நாளெல்லாம் எங்கே போய்விட்டது! கால் வலித்ததாகக்கூட நினைவு இல்லையே. மாடிப்படியை இரண்டு இரண்டாக ஏறியவள், இன்று ஒரு மிதியடி தடுக்கி விழுகிறாள்.

அந்தப் பிள்ளைகளில் புனிதவதி ஒருத்தி. ஸ்டாஃப் நர்ஸ், கல்யாணமாகிக் கைக்குழந்தைக்காரி, கொஞ்சம் பூசின உடம்பு, ஓயாமல் ஏதாவது முணுமுணுவென்று பாடிக்கொண்டே இருப்பாள். படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்களுக்கு முதுகில் ஸ்பிரிட் தடவிப் பவுடர் போட்டுத் தேய்ப்பது அந்தக் கால வழக்கம். மற்ற பிள்ளைகள் தேய்த்தால் கடமைக்குத் தேய்த்த மாதிரி இருக்கும். புனிதவதி ஸ்பிரிட்டை முதலில் தன் உள்ளங்கையில் விட்டுச் சூடு பண்ணிக்கொள்வாள், கிழங்களுக்குச் சில்லென்று இருந்தால் ஆகாதாம். யாரும் சொல்லிக் கொடுக்காதது. அவள் டியூட்டியில் ஒரு முதுகிலும் புண் வந்தது கிடையாது. அவளிடம் சிஸ்டருக்கு உள்ளூரப் பிரியம் உண்டு, ஒரு நாளும் வெளியே காட்டியதில்லை. காட்டினால் வார்டு என்ன ஆகும்? இப்போது வல்லியும் ஜெபராணியும் முதுகு துடைக்கும்போதெல்லாம் அந்தச் சூடான உள்ளங்கையை நினைத்துக்கொள்கிறாள். ஒரு தடவையாவது அந்தக் கை இந்த முதுகில் படாதா என்றிருக்கிறது. சொன்னால் யார் நம்புவார்கள்?

பதினேழாம் பெட்டுக்கு வந்துதானே தீர வேண்டும். எத்தனை சுற்றுச் சுற்றினாலும் கால் அங்கேதான் வந்து நிற்கிறது. உப்பளத்தில் வேலை பார்த்த ஒரு கிழவர், எழுபத்தைந்து இருக்கும், உள்ளங்கால் இரண்டும் உப்பில் வெந்து மரக்கட்டையாக இறுகியிருக்கும். நெஞ்சுச் சளிக்கு வந்தவர், தேறிவிட்டார், மறுநாள் டிஸ்சார்ஜ். அவர் பேர், அவர் பேர் என்ன? வரவில்லை. அவர் காது மடல் ஞாபகம் இருக்கிறது, அலுமினிய டம்ளரில் நூல் கட்டியிருந்தது ஞாபகம் இருக்கிறது, பேர் வரவில்லை. சிஸ்டருக்குத் திக்கென்றது. நேற்று வரைக்கும் தெரிந்த பேரா, இல்லை இந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் போனதா? ஐம்பத்தெட்டில் ஏழு போனால் ஐம்பத்தொன்று. அது வருகிறது, பேர் மட்டும் வரமாட்டேன் என்கிறது. டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் விடியற்காலையில் அவர் கக்கூஸில் விழுந்தார். புனிதவதிதான் டியூட்டி. தலையில் லேசாக ஒரு வீக்கம். எழுதினால் டாக்டர் டிஸ்சார்ஜை நிறுத்திவிடுவார். வீட்டுக்குப் போகணும் தாயி, எழுதிராத தாயி என்று கிழவர் கெஞ்ச, புனிதவதி எழுதவில்லை. அன்றைக்குக் காலை ரிப்போர்ட்டில், "பதினேழாம் பெட், ராத்திரி நல்லாத் தூங்கினார் சிஸ்டர்" என்றாள். மறுநாள் கிழவர் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு நடந்தே போனார். சரியாக மூன்று வாரம் கழித்துக் கட்டை வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டிருந்தது, கூப்பிட்டால் ம் என்பதோடு சரி. இரண்டாம் நாள் முடிந்துபோனது. வயசானால் மூளை கொஞ்சம் சுருங்கும், மண்டைக்கும் மூளைக்கும் நடுவில் இடைவெளி விழும், அதைத் தாண்டிப் போகிற மெல்லிய ரத்தக் குழாயெல்லாம் இழுபட்டு நிற்கும், லேசான அடி போதும், ரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து வாரக்கணக்கில் சேரும் என்று பெரிய டாக்டர் விளக்கினார். ரவுண்ட்ஸில் எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். "இவர் எங்கயாவது விழுந்தாரா?" என்று அவர் கேட்டதற்குக் கக்கூஸ் கழுவுகிற அம்மாதான் பதில் சொன்னாள்.

மெமோ கொடுத்தது தேவகிருபை சிஸ்டர். கொடுக்காமல் என்ன செய்வது? இன்றைக்குக் கேட்டாலும் கொடுத்தது சரி என்றுதான் சொல்வாள். ரிப்போர்ட்டில் பொய் வந்தால் உயிர் போகும், போனது. ஆனால் புனிதவதி எழுதிக் கொண்டுவந்த விளக்கக் கடிதம் இருக்கிறதே, அதில் ஒரு வரி. 'நோயாளி கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டதால் குறிப்பில் எழுதவில்லை.' சிஸ்டர் சிவப்புப் பேனாவை எடுத்து அந்த வரியைக் குறுக்கே அடித்தாள். "இதெல்லாம் ஒரு காரணமா? கும்பிட்டா கேட்டுருவியா? நீ என்ன சாமியா?" புனிதவதி கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். வெளியே போய், 'என் கவனக்குறைவால்' என்று மாற்றி எழுதிக் கொண்டுவந்து வைத்தாள். அதன் பேரில் மலை மேலே ஓர் ஊருக்கு மாற்றல் வந்தது. கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு விடைபெற வந்தபோது சிஸ்டர் சார்ட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. புது வருஷத்துக்கு ஒரு கார்டு வந்தது. பதில் போடவில்லை. இத்தனை வருஷத்தில் எத்தனையோ தடவை அந்தக் கார்டை நினைத்ததுண்டு, அந்த அடித்த வரியை நினைத்ததில்லை. இன்று காலைதான், தன் கை இரண்டும் தன்னைக் கேட்காமலே மேலே எழும்பினபோதுதான், அந்த வரி சிவப்புக் கோட்டுக்கு அடியிலிருந்து அப்படியே முழுசாக எழுந்து வந்தது. ஒரு கிழடு கும்பிட்டால் எதிரே நிற்கிறவளுக்கு என்ன ஆகும் என்று வல்லியின் முகத்தில் பார்த்தாகிவிட்டது.

வல்லி காப்பியோடு வந்தாள். தலையணையை ஏற்றி வைத்து, பனங்கற்கண்டு போட்ட காப்பியை இரண்டு ஆற்று ஆற்றிக் கையில் கொடுத்தாள். முகம் வீங்கியிருந்தது, அடுப்படியில் நின்று அழுதிருப்பாள். "தல வலிக்கா சிஸ்டரம்மா?" என்றாள். "வலிக்கல." "நெசமாவா?" "வலிக்கலன்னு சொன்னா வலிக்கலட்டி." வல்லி நம்பாமல் நின்றாள். பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "நான் ஒண்ணு சொன்னா கோவிக்க மாட்டீங்களே? எனக்குப் பயமா இருக்கு. உங்களுக்கு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா, ஐசக் தம்பி மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? எழுதலன்னு வாக்குக் கொடுத்துட்டேன், எழுத மாட்டேன். ஆனா நீங்களே பெரிய சிஸ்டர், உங்களுக்குத் தெரியாததா? ஒண்ணும் ஆகாதுல்லா?" என்று கேட்டாள். கட்டிலில் கிடக்கிற கிழவியைப் பார்த்து அல்ல, தொப்பி வைத்து நிற்கிற சிஸ்டரைப் பார்த்துக் கேட்டாள். "ஒண்ணும் ஆகாது, போ" என்று சொல்ல வாய் வந்தது. வந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. காப்பியைக் குடித்தாள். இனிப்பே தெரியவில்லை. வல்லி டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள்.

ஒன்றும் ஆகாதா? நூற்றில் ஒருத்திக்கு ஆகும், பத்தில் ஒருத்திக்கு ஆகும், அந்த மாத்திரை சாப்பிடுகிறவளுக்கு இன்னும் கூடவே ஆகும். ஆனால் என்ன, எண்பது வயசு, போனால் போகட்டும், இந்தக் கட்டிலில், அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டே போகட்டும். பி பன்னிரண்டில் பத்து வருஷம் கிடப்பதற்கு இங்கே மூன்று வாரம் மேல் இல்லையா? மூன்று வாரம். சிஸ்டர் அந்தச் சொல்லில் தடுக்கி நின்றாள். இன்றிலிருந்து மூன்று வாரம் கழித்து யாராவது நோட்டைப் புரட்டுவார்கள். இன்றைய தேதி, விழுதல், இல்லை, கையெழுத்து செண்பகவல்லி. ஐசக் கேட்பான், கம்பெனிக்காரன் கேட்பான், அவளும் எழுதித் தருவாள், என் கவனக்குறைவால் என்று. சிஸ்டரம்மா கும்பிட்டார்கள் என்று அவள் சொன்னால் யார் காது கொடுப்பார்கள்? குறுக்கே அடிக்கத்தான் ஆள் இருக்குமே. தேவகிருபைக்கு வியர்த்தது. நாற்பத்திநாலு என்று எண் ஒரு பக்கம் தானாக வந்து நின்றது. பேர் மட்டும், அந்தக் கிழவரின் பேர் மட்டும், எங்கே போனது? யோசித்துப் பார்த்தால் அவள் அவரை ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "பதினேழு, மருந்து குடிச்சாச்சா? பதினேழு, எந்திரி." அவர் கிடந்த பதினாறு நாளும் பதினேழுதான். பேரே தெரியாதவளுக்குப் பேர் எப்படி மறக்கும்? அப்போதுதான் புனிதவதியின் குரல் கேட்டது. கேட்டது என்றால் காதில் இல்லை, காதுதான் மந்தமாயிற்றே. ஸ்பிரிட்டை உள்ளங்கையில் தேய்த்துச் சூடு பண்ணிக்கொண்டே, பாட்டுக்கு நடுவில், சொந்த ஆளைக் கூப்பிடுகிற மாதிரி. "மூக்காண்டித் தாத்தா, கொஞ்சம் புரண்டு படுங்க." மூக்காண்டி. மூக்காண்டி! சிஸ்டர் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். வெறும் அறையில் அந்தப் பேர் நன்றாக இருந்தது. கண் நிறைந்து காதோரம் வழிந்து வீக்கத்தின் மேலே போயிற்று, துடைக்கவில்லை.

எட்டு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது ஜெபராணி வந்தாள், ஹெல்மெட்டைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு. "குட் மார்னிங் சிஸ்டர்" என்றாள். கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஜெபராணி, அந்தப் பக்கம் வல்லி. சிஸ்டர் பழக்கினபடி, நோயாளிக்குக் கேட்கும்படியாக, கட்டிலருகில் நின்றுதான் ரிப்போர்ட். கிழக்கு ஜன்னல் வெயில் போர்வையின் பாதி வரைக்கும் வந்திருந்தது. வல்லி நோட்டை விரித்தாள். "நாடி எழுவத்தி எட்டு. பிரஷர் நூத்தி நாப்பது, எம்பது. தண்ணி மூணு டம்ளர். மூத்திரம் ரெண்டு தடவ. தோலு..." என்று சொல்லிவிட்டுச் சிஸ்டரின் கையில் ஊதா பூத்திருந்ததைப் பார்த்தாள். "தோலு நல்லாருக்கு." ஜெபராணி தலையாட்டிக்கொண்டே தன் பேனாவை எடுத்தாள். வல்லி அடுத்த கட்டத்துக்கு வந்தாள். "விழுதல்," என்றாள். அந்தச் சிவப்புக் கட்டத்தின் மேல் விரலை வைத்தாள். "விழுதல்..."

"உண்டு" என்றாள் தேவகிருபை சிஸ்டர்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தலையணையில் கையை ஊன்றி எழுந்து உட்காரப் பார்த்தாள், முடியவில்லை, வல்லி ஓடிவந்து முதுகுக்குக் கை கொடுத்தாள். அந்தக் கை அடுப்படியிலிருந்து வந்த கை, சூடாக இருந்தது. "ஜெபா, நீ எழுது. நான் சொல்லுதேன்." குரல் எங்கிருந்து வந்ததோ, முப்பத்திரண்டு பெட்டுக்கும் கேட்கிற குரல். "நோயாளி தேவகிருபை, வயது எண்பது. காலை ஐந்தே முக்கால் மணிக்குப் பாத்ரூம் வாசலில் கால் தடுக்கி விழுந்தார். வலது காதுக்குப் பின்னால் வீக்கம், ரெண்டு விரல்கடை. மயக்கம் இல்லை. வாந்தி இல்லை. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், அதனால உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும்." ஜெபராணி வாயைத் திறந்து வல்லியைப் பார்த்தாள். "வல்லியக்கா, நீங்க ஏன்..." "அவளை ஏன் பாக்குத? என்னயப் பாரு. உண்டுங்கதுல வட்டம் போட்டியா? அதுக்குக் கீழ இன்னொரு வரி எழுது. நோயாளி எழுத வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார்." ஜெபராணியின் பேனா நின்றது. "சிஸ்டர், இதெல்லாமா ரிப்போர்ட்ல எழுதுவாங்க?" என்றாள் தயங்கிக்கொண்டே. "எழுதுவாங்க. அதுவும் நடந்ததுதானே. எழுது." ஜெபராணி எழுதினாள். வல்லி சேலை முந்தியை வாயில் பொத்திக்கொண்டு, "ஐயோ சிஸ்டரம்மா, வீட்ட விட்டுக் கூட்டிட்டுப் போயிருவாங்களே, நீங்களே சொன்னீங்களே" என்று அழுதாள். சிஸ்டர் எதிரே அந்த ஆணியை ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள்.

"கடைசி வரியை மட்டும் வாசி, ஜெபா."

"நோயாளி எழுத வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார்."

"அடிக்காம இருக்குல்லா?"

"இருக்கு சிஸ்டர்."

"சரி. போட்டோ எடுத்து ஐசக்குக்கு அனுப்பு."